சலேத்தாளின் இடது காது

காற்று மீன் வாடையை அள்ளிக்கொண்டுவந்து ஊருக்குள் கொட்டுகிற ஆனி மாதத்தில், புன்னைத்துறை பஸ் ஸ்டாண்டை ஒட்டிய வாகை மரத்தடியில் காது குடைகிற மைதீன் பிச்சை, உப்பளத்துக் கணக்கப்பிள்ளை ஒருவரின் வலது காதுக்குள் வெள்ளிக் குறும்பிவாங்கியை விட்டு, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, பதமாகச் சுழற்றி எடுத்த குறும்பி உருண்டை, அவருடைய கட்டைவிரல் சூடு பட்டதும், "சொறி, சிரங்கு, படை, தேமல், இவை அனைத்துக்கும் ஒரே நிவாரணம் முத்துவடிவு களிம்பு" என்று தேனில் ஊறப்போட்ட குரலில் சொல்லிற்று. மைதீன் பிச்சை அதைத் தோளில் கிடந்த துணியில் துடைத்துவிட்டு, "இந்தக் காது முடிஞ்சுது, அந்தக் காதக் காட்டுங்க" என்றார். அந்தக் காதில் வந்தது, "நேரம் ஏழு மணி பதினைந்து நிமிடம்" என்றது. கணக்கப்பிள்ளை கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்து, "தப்பு, பத்தே கால் ஆகுது" என்று சொல்லிவிட்டு எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு போனார். அவ்வளவுதான் நடந்தது.

அது யார் குரல் என்று புன்னைத்துறையில் யாரும் யாரையும் கேட்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. ரேடியோ பூதலிங்கத்தின் குரல். உப்பளத்துப் பக்கம் வானொலி நிலையத்தின் கம்பம் எழும்பிய நாளிலிருந்து காலையில் ஊரை எழுப்பியதும் அவர்தான், இரவில் படுக்கப் போகச் சொன்னதும் அவர்தான். புயல் வந்தால் அவர் சொல்லித்தான் வந்தது, பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் அவர் சொல்லித்தான் விட்டார்கள். அது போக, ஜவுளிக்கடை மாடியில், சுவரெல்லாம் தென்னந்தும்பு மெத்தை அடித்த ஒரு புழுக்க அறையில் உட்கார்ந்து, மூட்டைப்பூச்சி மருந்துக்கும், பூச்சி மாத்திரைக்கும், ஆட்டோவில் கூம்பு கட்டி அலைகிற இரண்டு கட்சிக்காரர்களுக்கும், பன்றி வளர்ப்பு பற்றிய படத்துக்கும், பிணம் கிளம்புகிற நேரம் சொல்கிற காருக்கும் அவர் குரல் கொடுத்திருக்கிறார். அவர் "மூலம், பவுத்திரம்" என்று சொல்கிற அழகைக் கேட்டால், அந்த வியாதி இல்லாதவர்களுக்கு நமக்கு இல்லையே என்று ஒரு குறை தட்டும். இப்படி இரண்டு தலைமுறைக் காதுகளுக்குள் அவர் ஊற்றிய குரல் எல்லாம், எங்கேயும் போகாமல், உள்ளேயே கிடந்து, எண்ணெயும் தூசியும் வியர்வையும் சேர்ந்து கட்டிதட்டிப்போய்விட்டது. இப்போது அது வெளியே வருகிறது, வரட்டுமே என்று ஊர் எடுத்துக்கொண்டது.

எடுத்துக்கொண்ட விதம்தான் பூதலிங்கத்துக்குக் குமட்டியது. ஆடி பிறப்பதற்குள் மைதீன் பிச்சையின் வாகை மரத்தடியில் கல்யாண வீட்டுப் பந்திக்கு நிற்பதுபோல ஜனம் நின்றது. பெண்கள் சுண்ணாம்பு டப்பாவில் குறும்பியைப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார்கள். சமையல் ஆகிறபோது எடுத்து அடுப்பு மேடையில் வைத்தால் சூட்டுக்கு அது பாட்டுக்குப் பழைய செய்தி வாசித்தது. நேயர் விருப்பத்தில் பெயர் வாசித்த குறும்பிக்குத்தான் கிராக்கி, ஏனென்றால் பாட்டுக் கேட்டு எழுதிப்போட்டவர்களில் பாதிப்பேர் செத்துப்போயிருந்தார்கள். சலவைக்காரர் காதிலிருந்து தன் புருஷன் பெயர் வந்தது என்று கேள்விப்பட்டு ஒரு விதவை அதை ஒரு படி உளுந்து கொடுத்து வாங்கிக்கொண்டு போனாள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகளுக்கு முதலில் காது குடைந்தார்கள்: வயலும் வாழ்வும் வந்தால் நிலம் நீச்சு உள்ளவன், சினிமா விளம்பரம் வந்தால் ஊர்சுற்றி, செய்தி மட்டுமே வந்தால் ஒரு வேலைக்கும் ஆகாதவன், வேறு இடம் பார்க்கலாம். ஒரு கிழவர் காதிலிருந்து வந்தது "கடல் கொந்தளிப்பாகக் காணப்படும்" என்று சொல்ல, வெயில் பளீரென்று அடித்த அன்றைக்குக் கரையிலிருந்து ஒரு வள்ளம்கூட இறங்கவில்லை. கோயில் யானை கோமதியின் பாகன் பல வருஷமாகக் தன் கழுத்தில் டிரான்சிஸ்டரைக் கட்டிக்கொண்டு யானைமேல் சவாரி செய்தவன். அவன் சட்டுவத்தால் அதன் காதைச் சுரண்டியபோது வாளி நிறைய வந்தது. அதை நந்தவனத்தில் ஓலைப்பாயில் பரப்பி வெயில் காட்டினார்கள். காலை வணக்கத்தில் தொடங்கி இரவு நிலையம் மூடுகிற வரைக்கும் ஒரு முழு நாளையும் அது பேசி முடித்தது. ஜனங்கள் புளியோதரை கட்டிக்கொண்டு வந்து சுற்றி உட்கார்ந்து, ஈ ஓட்டிக்கொண்டு கேட்டார்கள்.

நகரசபையில் இது யார் சொத்து என்று ஒரு பேச்சு வந்தது. தலைவர் பூதலிங்கத்தை வீட்டுக்கே வந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, சண்ட சச்சரவு வேண்டாம். குரலு உங்களுது, அழுக்கு எங்களுது. ஆளுக்குப் பாதின்னு தீர்மானம் போட்டுருவோமா?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். எல்லாத்தையும் நீங்களே வச்சுக்கிடுங்க."

"அப்படிச் சொன்னா எப்படி. எங்க அப்பா காதுல உள்ளத உங்களுக்குன்னு கொண்டு வந்திருக்கேன், பாருங்க" என்று அவர் வெற்றிலையில் மடித்து வைத்திருந்ததை இரண்டு கையாலும் நீட்டினார். கறுப்பும் மஞ்சளுமாய், ஒரு நரைமுடி ஒட்டிக்கொண்டு, எண்ணெய் மினுங்க அது இருந்தது. இருந்த இடத்திலிருந்தே "வணக்கம்" என்றது. பூதலிங்கம் கொல்லைப்பக்கம் ஓடி வாந்தி எடுத்தார்.

அவர் அப்படிப்பட்ட மனிதர். டம்ளரை மூன்று தரம் கழுவிக் குடிப்பார். தொண்டைக்கு ஆகாது என்று தயிர் தொடமாட்டார், மிளகாய் தாளிக்கிற நெடி வீட்டுக்குள் வரக்கூடாது, மீன் என்ற சொல்லே அந்த வீட்டுக்கு ஆகாது. பனங்கற்கண்டும் மிளகும் போட்ட பாலில் வளர்த்த குரல் அது. அந்தக் குரலை இப்போது ஊரார் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மூக்குச்சளியை உருட்டுவதுபோல உருட்டிக்கொண்டு திரிந்தார்கள். தெருவில் போனால் டீக்கடையில் அவர், சலூனில் அவர், மூத்திரச் சந்தில் நிற்கிறவன் சட்டைப்பையில் அவர். யாரோ தன்னை மென்று துப்பி, துப்பியதைப் பொறுக்கிக் காயவைத்து, மறுபடியும் வாயில் போட்டுக்கொள்வதுபோல அவருக்கு இருந்தது. அதைவிட, சொல்லப்படுகிற விஷயம். இத்தனை வருஷம் தான் பேசியது என்ன என்று அவர் ஒருநாளும் கேட்டுப் பார்த்தது கிடையாது, எப்படிப் பேசினோம் என்றுதான் கேட்டிருக்கிறார். இப்போது கேட்டார். சொறி, சிரங்கு, பேதி, அழுகல், இன்று காலை இயற்கை எய்தினார், வாக்களிப்பீர்.

ஒருநாள் டீ மாஸ்டர் பாய்லர் மூடிமேல் வைத்திருந்த உருண்டை விடாமல் பேசிக்கொண்டிருக்க, பூதலிங்கம் பொறுக்கமாட்டாமல் உள்ளங்கையை உயர்த்திக் காட்டினார். குறும்பி கப்பென்று வாயை மூடிக்கொண்டது. இன்னொன்று ஆரம்பித்தபோது ஆட்காட்டி விரலை வட்டமாகச் சுழற்றினார். அது மூச்சுவாங்க ஓடி, பாதியை விழுங்கி முடித்தது. மாஸ்டர், "அட, மொதலாளி சொன்னாத்தான் கேக்கும்போல" என்று சொல்லிவிட்டு அடுத்த டீயை ஆற்றினார்.

ஒலிபரப்புக் கூடத்தில் வாயால் பேசக்கூடாது என்பதால் எல்லாம் கைச்சாடைதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் உள்ளங்கையைக் காட்டினால் அமைதி. விரலைச் சுழற்றினால் நேரம் ஆகிறது, சுருட்டு. கழுத்தின் குறுக்கே கோடு இழுத்தால் அந்த இடத்திலேயே வெட்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து காட்டினால் பூதலிங்கம் அடங்குவார். வீட்டுக்கு வந்தால், குரலைச் சேமிக்க வேண்டுமே என்று அவர் அதே சாடையைக் காட்டினார், அவர் மனைவி உலகம்மாள் அடங்கினாள். இரண்டு விரலைச் சொடுக்கினால் வெந்நீர். உள்ளங்கை என்றால் ஒத்திகை நடக்கிறது. அவள் அடுப்படியிலிருந்து வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "இங்கேருங்க, நான் என்ன சொல்லுதேன்னா" என்று ஆரம்பிக்கும்போதே அவர் விரல் தானாக எழும்பிச் சுழலும். சுழலுகிற விரலைப் பார்த்தபடி ஒரு கணம் நிற்பாள். பிறகு உள்ளே போய்விடுவாள். கல்யாணம் ஆன மறுவாரத்திலிருந்து போன பங்குனியில் அவள் செத்துப்போகிற வரைக்கும் இப்படித்தான்.

குறும்பி பேச ஆரம்பித்த பிறகுதான் பூதலிங்கத்துக்கு அது உறைத்தது. ஒரு காலை விடிந்ததும் விடியாததுமாக, சுவர் ஓரமாக யாரோ அவர் குரலில் சந்தை நிலவரம் சொல்லிக்கொண்டு போக, தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு படுத்தவர், உலகம்மாள் குரல் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தார். முகம் வந்தது. முன்பல் இடுக்கு வந்தது. பச்சைக் கண்டாங்கியும், பித்தவெடிப்பும், நடக்கும்போது மெட்டி தரையில் தட்டுகிற சத்தமும்கூட வந்தது. குரல் வரவில்லை. உருட்டிப் பார்த்தார், புரட்டிப் பார்த்தார், வரவில்லை. ஊரில் உள்ள யானைக் காது வரைக்கும் தன் குரல் இருக்கிறது, தன் பெண்டாட்டி குரல் எங்கேயும் இல்லை என்று தெரிந்ததும் அவருக்குத் தன்மேலேயே வந்த அருவருப்பு, நகரசபைத் தலைவர் வெற்றிலையில் கொண்டுவந்ததைப் பார்த்தபோதுகூட வந்தது இல்லை. ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். என்ன பேசினாலும் சரி, ஒரே ஒரு தடவை.

நேரே வாகை மரத்தடிக்குப் போனார். வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"என் காதக் குடையணும்" என்றார்.

மைதீன் பிச்சை குறும்பிவாங்கியை வேட்டியில் துடைத்தார். "சார், குரலு குடுத்தவரு காத இன்னைக்குத்தான் பாக்கப்போறேன். அசையாதீங்க. கூச்சமா இருந்தா எங்கூடப் பேசாதீங்க, மரத்தப் பாருங்க."

இடது காதிலிருந்து வந்தது அத்தனையும் அவரே. ஒலிபரப்பின்போது இயர்போனை மாட்டுகிற காது அது. ஒவ்வொரு சொல்லையும் ஊருக்கு முன்னால் அதுதான் கேட்டது. பாட்டில் மூடி நிறைய எடுத்துப்போட்டார் மைதீன் பிச்சை. வலது காதாவது வெறுங்காது. ஆனால் பேசும்போது உள்ளங்கையைக் குவித்துக் காதுக்குப் பின்னால் வைத்துத் தன் குரலைத் தானே அள்ளி ஊற்றிக்கொள்வது அவர் தொழிலில் பழக்கம். அதிலிருந்தும் அவரே வந்தார். வரிசையில் நின்ற ஒருவன், "ஏ, மனுசன் ரெண்டு காதாலயும் தன்னயே குடிச்சிருக்காரு வே" என்றான்.

கடைசியில், வலது காதின் அடியிலிருந்து கடுகு கடுகாய் நாலைந்து துணுக்கு வந்தது. மைதீன் பிச்சை முதல் கடுகை உருட்டினார். "இங்கேருங்க, நான் என்ன" என்றது, நின்றுவிட்டது. இரண்டாவது கடுகு, "இங்கேருங்க, நான்". மூன்றாவது, "இங்கே". எல்லாம் ஒரே இடத்தில், கத்தி வைத்ததுபோல. சத்தம் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத அளவுக்குச் சிறிசு. உருட்டின விரலில் எண்ணெயாகக் கரைந்து அவை காணாமல் போயின, ஏனென்றால் குறும்பியின் சுபாவம் அது: பேசப் பேச உருகும், உருகி முடிந்தால் முடிந்ததுதான். இன்னொரு தடவை கேட்க முடியாது.

"யாரு சார் இது?"

"என் வீட்டுக்காரி."

"ஆளயே உள்ள விடலபோலயே" என்றார் மைதீன் பிச்சை. பிறகு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று பட்டதோ என்னவோ, "மத்தவங்க காதுல பாப்பமே. பொம்பளைங்க யார்ட்டயாவது பேசாமயா இருப்பாங்க" என்றார்.

அடுத்த வீட்டுத் தபால்காரர் மனைவி செண்பகவல்லி கேட்ட உடனே காதைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு காதிலும் பூதலிங்கம்தான் இருந்தார், அதுவும் பக்கத்தில் வந்து கிசுகிசுக்கிற பதத்தில், ஏனென்றால் அவள் ரேடியோவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறவள். "உங்க குரல்னா எனக்கு உசுரு, அவுகளுக்கும் தெரியும்" என்று அவள் அதை ஒவ்வொன்றாகக் குங்குமச் சிமிழில் எடுத்து வைத்து, விரலில் ஒட்டியதைக் கழுத்தில் தடவிக்கொண்டாள். பூதலிங்கம் வாயைப் பொத்திக்கொண்டு, "உலகம்மா உங்ககிட்ட ஒண்ணும் பேசலையா?" என்று கேட்டார்.

"என்கிட்ட எங்க. ரேடியோ சத்தத்துல எனக்கு என்ன கேட்டுது? மீன்காரிகிட்டதான் பேசுவா, உங்க பின்வாசல்ல உக்காந்துகிட்டு. எங்க வீட்டு ரேடியோல நீங்க வணக்கம்னு சொன்ன உடனே அங்க தாப்பாள் திறக்கிற சத்தம் மட்டும் கேக்கும்."

பின்வாசலில், மீன்காரி. பூதலிங்கம் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு மீன் சந்தைக்கு நடந்தார்.

அந்த மீன்காரி சலேத்தாள் சந்தையில் கடைசித் திட்டில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் கூடை, பக்கத்தில் குடலும் செதிலும் செவுளுமாய் ஒரு வாளி, வாளியைச் சுற்றி ஈ ஒரு கறுப்புத் துணிபோல எழும்பி எழும்பி உட்கார்ந்தது. பூதலிங்கம் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு தண்ணீர் தேங்கிய கல்லில் கால் வைத்து வந்தார். அவள் வீட்டில் ரேடியோ கிடையாது. இருந்ததை அவள் புருஷன் சண்டையில் கடலில் எறிந்துவிட்டான் என்பது ஊருக்குத் தெரிந்த கதை.

"வாரும் ரேடியோ ஐயா. மீனு வாங்க வந்தீரா, மூக்கத் துடைக்க வந்தீரா?"

"உலகம்மா உன்கிட்டப் பேசுவாளாமே."

"பேசுவா. தின்னவும் செய்வா. உம்ம குரலு அங்க ரேடியோல கேட்டாத்தான் நான் உங்க தெருவுக்குள்ளயே கால வைப்பேன். குரலு அங்க இருக்க வரைக்கும் ஆளு இங்க வராதுல்லா. நீரு செய்தி வாசிச்சு முடிக்கதுக்குள்ள ரெண்டு துண்டு பொரிச்சுத் தின்னு, சட்டியக் கழுவி, சாம்பிராணியும் போட்டுருவா."

இத்தனை வருஷமும் தன் குரல் தன் வீட்டுப் பின்வாசலுக்கு மீன் மணியாக அடித்திருக்கிறது என்று பூதலிங்கத்துக்குப் புரிய சிறிது நேரம் ஆனது. அவர் விஷயத்தைச் சொன்னார். சலேத்தாள் உடனே இடது காதைப் பொத்திக்கொண்டாள்.

"வலது காதுல ஒண்ணும் கெடையாது. கூடையப் பிடிக்க கை அதை மறைச்சுக்கிடும். இதுலதான் அவ இருக்கா. எடுத்தா உருகிப் போவாளே. எனக்குன்னு ஒருத்தி பேசினது அது ஒண்ணுதான், உமக்கு எதுக்குத் தரணும்? உம்மகிட்ட இருந்தப்போ நீரு கேட்டீரா?"

"இல்ல."

"பின்ன?"

பூதலிங்கம் போகவில்லை. அங்கேயே நின்றார், வெயில் ஏறுகிற வரைக்கும் நின்றார். அன்றைக்கு சலேத்தாளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. கூவ முடியாததால் கூடை நிறைந்தே கிடந்தது. நிற்கிற ஆளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சும்மா நிக்கதுக்கு கூவும். எனக்குத் தொண்ட சரியாகுத வரைக்கும் கூவும். பொறவு பாக்கலாம்."

பூதலிங்கம் உள்ளங்கையைக் குவித்துக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, இரண்டு நொடி மௌனம் விட்டு, "இன்றைய மீன் வரத்து. சங்கரா, சூடை, நெத்திலி, காரல்" என்று ஆரம்பித்தார். சந்தையே திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

"செத்ததுக்குச் செய்தி வாசிக்காரு பாருளா" என்றாள் பக்கத்துத் திட்டுக்காரி.

"கையக் காதுலயிருந்து எடும்யா" என்றாள் சலேத்தாள். "நீரு கேக்கதுக்கா கூவுதீரு? அந்தா வாசல்ல போறாளே, அவளுக்குக் கேக்கணும். வயித்துலயிருந்து கத்தும்."

கத்தினார். மறுநாளும் வந்து கத்தினார். ஐஸ் தண்ணீரைக் கொடுத்தார்கள், வேறு தண்ணீர் இல்லாததால் குடித்தார். மீன் நெடி, அழுகின கருவாட்டு நெடி, ஈ வாய்க்குள் போய் வெளியே வந்தது. அவர் கத்திக்கொண்டே இருந்தார். ஆடி முடிவதற்குள் அந்தக் குரல், பனங்கற்கண்டிலும் மிளகிலும் வளர்ந்த குரல், தேன் குரல், துருப்பிடித்த கப்பி கிணற்றில் இறங்குவதுபோல ஆகிவிட்டது. ஊரில் குறும்பி வைத்திருந்தவர்கள் அதோடு இதை ஒப்பிட்டுப் பார்த்து, இந்த ஆள் யாரோ என்று விட்டுவிட்டார்கள். செண்பகவல்லி ஒருநாள் அவரிடமே நெத்திலி வாங்கிக்கொண்டு அடையாளம் தெரியாமல் போனாள்.

சலேத்தாளுக்குத் தொண்டை எப்போதோ சரியாகிவிட்டது. அவள் சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், கூடை காலியான பிறகு, "சரி, அந்தக் காதுக்கார சாய்புவக் கூப்பிடும். எனக்கும் குறுகுறுன்னு வருது" என்றாள்.

மைதீன் பிச்சை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து திட்டில் குந்தினார். சலேத்தாள் கண்ணை இறுக்கி மூடி, தலையைச் சாய்த்து, இரண்டு கையாலும் கூடையைப் பிடித்துக்கொண்டாள். வந்தது. புளியங்கொட்டை அளவு, தார்க்கறுப்பு, மேலே இரண்டு மீன் செதில் ஒட்டி மின்னியது. நாற்றம் மைதீன் பிச்சையே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மாதிரி இருந்தது.

"அவரு கையில வையும்" என்றாள் சலேத்தாள் கண்ணைத் திறக்காமல். "உருகினா அவரு சூட்டுலயே உருகட்டும்."

பூதலிங்கம் கைக்குட்டையைத் தேடவில்லை. இடது உள்ளங்கையில் அதை வாங்கி, மூடி, காதோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.  பிறகு, தகர வாளியைச் சிமெண்டுத் தரையில் இழுத்ததுபோல ஒரு சத்தம், மூக்கு அடைத்த, கட்டையான, குரல் தேர்வுக்கு வந்திருந்தால் முதல் எழுத்திலேயே அவர் வேண்டாம் என்று கை காட்டியிருக்கக்கூடிய ஒரு சத்தம், அவர் கைக்குள்ளிருந்து பேசியது. உலகம்மாள்தான்.

"ஏளா சலேத்து, நேத்து என்ன நடந்துச்சு தெரியுமா. ரேடியோல அந்த மனுசரு பேசிட்டு இருக்காரு. நானும் தைரியமா ஊளி மீன அடுப்புல கூட்டிட்டு நிக்கேன். திரும்பிப் பாத்தா வாசல்ல நிக்காரு. அங்கயும் பேசுதாரு, இங்கயும் நிக்காரு. முந்தின நாளே பேசி டேப்புல பிடிச்சு வச்சிட்டாவளாம்ளா, எனக்கு எப்படித் தெரியும்? ஒரு ஆளையே பொறுக்க முடியல, இதுல ரெண்டாளு. மூக்கப் பொத்திக்கிட்டுச் சட்டியத் துணியால பிடிச்சுத் தூக்கிட்டுப் போயிக் குப்பைல கவுத்தாரு. ஒரு வார்த்த பேசல. ஏசிருந்தாலாவது நம்மகிட்ட நாலு வார்த்த பேசினாருன்னு இருந்திருக்கும். சொறி செரங்குக்கு அந்தக் குழைவு குழையுதாரு, எனக்கு விரலச் சுத்துதாரு. அந்தக் குரலக் கேட்டா எனக்குக் குமட்டிட்டு வருதுளா, பாயாசத்துல முடி கெடந்த மாதிரி. ஒரே ஒரு தடவ தொண்டைல புண்ணு வந்து, காக்கா கணக்கா, 'உலகு, தண்ணி'ன்னாரு. அன்னைக்குத்தான் வீட்டுக்குள்ள ஒரு மனுசன் இருக்கான்னே தெரிஞ்சுது. நான் என்ன சொல்லுதேன்னா..."

பூதலிங்கத்தின் வலது கை எழும்பியது. அவர் எழுப்பவில்லை, இத்தனை வருஷம் இந்தச் சொல்லுக்கு எழும்பிய கை அது, தானாக முழங்கையை மடக்கிக்கொண்டு, ஆட்காட்டி விரலை நீட்டிக்கொண்டு எழும்பியது. உள்ளங்கைக்குள் உலகம்மாள் தயங்கினாள். அடுப்படி வாசலில் நின்று விரலைப் பார்க்கிற அதே தயக்கம். விரல் முதல் வட்டத்தைத் தொடங்குவதற்குள் அவர் அந்தக் கையைப் பக்கத்திலிருந்த வாளிக்குள் மணிக்கட்டு முங்க அடித்து இறக்கினார். குடலும் செவுளும் பித்தப்பையும் குளிர்ந்து கொழகொழவென்று விரல்களைச் சுற்றிக்கொண்டன, ஈ முகத்தில் வந்து அப்பியது. அவர் கையை எடுக்கவில்லை, இன்னும் ஆழமாக விட்டுக்கொண்டார்.

"...அடுத்த தடவ வரும்போது ரெண்டு வாளையாக் கொண்டா. ஒண்ண அந்த மனுசரு சோத்துக்குள்ள மறைச்சு வச்சிருதேன். தின்னு தொண்ட நாசமாப் போகட்டும். நாலு நாளாவது நாங்க ரெண்டுபேரும் பேசிட்டு இருப்போம்."

அதோடு அது உருகிவிட்டது. கறுப்பு எண்ணெய் விரலிடுக்கில் வழிந்து முழங்கை வரைக்கும் இறங்கியது. மைதீன் பிச்சை துடைக்கத் துணியை நீட்டினார், பூதலிங்கம் வாங்கவில்லை.

சலேத்தாள் கண்ணைத் திறந்து, காதுக்குள் சுண்டுவிரலை விட்டு ஆட்டிக்கொண்டாள். "எனக்கு இப்போ அந்தப் பக்கம் காத்தடிக்கு" என்றாள். பிறகு, "என்ன சொன்னா?"

"ரெண்டு வாளை கேட்டா" என்றார் பூதலிங்கம், துருப்பிடித்த கப்பிக் குரலில்.

சலேத்தாள் திட்டுக்கு அடியில் ஓலைப்பெட்டிக்குள் தனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த இரண்டு வாளையை எடுத்து, அறுக்காமல், வாலோடு அப்படியே, வாளியிலிருந்து வெளியே வந்த அவருடைய கையில் வைத்தாள்.